பதினெட்டாம் குடியைத் தேடி

அறுபத்து நான்கு பக்கப் புத்தகத்தில் நாற்பத்தொரு பிழைகள் இருக்கலாமா? அதிலும் முன்னுரையில் என் பெயரைப் போட்டு, "ஏட்டிலிருந்து பிழையறப் பெயர்த்தெழுதித் தந்தவர்" என்று நன்றி வேறு சொல்லிவிட்டு? தந்தேனாம்! என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்றுகூட விசாரிக்கவில்லை. என் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று.

புத்தகத்தின் பெயர் 'மலையடி வம்சாவளி'. மூலம் ஓர் ஓலைச்சுவடி. ஐந்நூறு அறுநூறு வருடத்துச் சங்கதி என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. வடக்கேயிருந்து தப்பி வந்த ஒரு சிற்றரசன், மலையடிவாரத்தில் கோட்டை கட்டி, கண்மாய் வெட்டி, குடிகளைக் கொண்டுவந்து வைத்த கதை. அறுபதாயிரம் யானைகளோடு வருகிறான். ஒரே ராத்திரியில் கண்மாயை வெட்டி முடிக்கிறான். மூன்றாவது அரசன் பட்டமேறிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவனுடைய தகப்பன் பிறக்கிறார். இதை வரலாறு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, ஓய்வு நேரத்தில் இந்தச் சுவடியை ஒரு நோட்டில் எழுதியெடுத்தேன். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. இப்போது எழுபத்தெட்டு.

புத்தகம் மன்னார்குடிக்குத் தபாலில் வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். "மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் உயிரோடு இருந்தால் இதைப் படிக்கவும்" என்று ஆரம்பித்திருந்தது. எழுதியவர் ஜெபமணி. செட்டியார்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமம். என் விலாசத்தை நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீர் முறை வைத்துப் பாய்கிறது. பதினெட்டுக் குடி, ஆளுக்கு ஒரு நாள், பதினெட்டு நாளில் ஒரு சுற்று. ஜெபமணியின் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறந்து மூடுகிறவர், சுற்று தொடங்கும் காலையில் மடையில் நின்று குடிகளின் பெயரைக் கூப்பிடுகிறவர். பட்டியல் முழுவதும் அவர் மனசிலேயே இருந்தது. மார்கழியில் இறந்துவிட்டார். பட்டியலும் போயிற்று. அந்தச் சமயத்தில் இந்தப் புத்தகம் வந்தது. அதில் பதினேழு குடி என்று இருக்கிறது, பதினேழு பெயரும் இருக்கிறது. கடைசி நாளான பதினெட்டாம் முறை ஆசீர்வாதம் வீட்டுடையது. இந்தச் சுற்றில் அதை எடுத்துவிட்டார்கள். "ஒரு ஏக்கர் நெல் பால் பிடிக்கிற பருவத்தில் காய்கிறது. வியாழக்கிழமை அடுத்த சுற்று கூப்பிடுவார்கள். ஏட்டில் என்ன இருந்தது என்று நீங்கள் வந்து சொன்னால் போதும்."

நான் அந்த நெல்லுக்காகக் கிளம்பினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நாற்பத்தொரு பிழைகளையும் வரிசையாக எழுதி, பையில் வைத்துக்கொண்டு, அச்சிட்டவர்கள் முகத்தில் விசிறத்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது இடது காது கேட்கவில்லை. பேருந்தில் என் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. மூன்று படம் போட்டார்கள், மூன்றிலும் ஒரே மாதிரி சண்டை. ஒலியைக் குறைக்கச் சொன்னதற்கு நடத்துநர், "எறங்குற வரைக்கும் தூங்கிராம இருக்கணும்லா தாத்தா" என்றார். என் நன்மைக்காகவாம்.

விடுதிக்குப் போகும் வழியில் பால்கோவாக் கடைகள் பத்தொன்பது. அவற்றில் ஏழு பலகைகளில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தது. ஏழும் ஒரிஜினலாக இருக்க முடியாது என்று ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்து நீட்டி, "தின்னு பாத்துட்டு எண்ணுங்க அய்யா" என்றார். தின்றேன். எண்ணுவதை விட்டுவிட்டேன், அந்த விஷயத்தில் மட்டும். ஆனால் விடுதியின் மாடிப்படி இருபத்து மூன்று, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். இந்த ஊரில் யாரிடமும் அளவுகோல் இல்லையா?

செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையம் பேருந்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். ஆலைகளின் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் அந்தப் பாஷை எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. "இந்தப் பெரியவர் வாய்க்குள்ளேயே என்னமோ முணுமுணுக்கிறாரே, ஜபமா?" என்றாள் ஒருத்தி. "ஜபமில்லை, எதையோ தொலைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறார்" என்றாள் மற்றவள். எழுந்து இடம் கொடுக்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

செட்டியார்பட்டியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நான்கு பேர் போக வேண்டியதில் ஒன்பது பேர். ஒரு கிலோமீட்டர் போனதும் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. உட்காராமல் என்ன செய்யும்? நான் ஓட்டுநரிடம் எடையைக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மொபெட்டில் ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை.

"மன்னார்குடி சாரா? ஜெபமணி. ஏறுங்க சார். பின்னால கம்பியப் பிடிச்சுக்கிடுங்க, என்னய பிடிச்சிராதீங்க, வண்டி சரிஞ்சிரும்."

அவர் முதலில் வயலுக்குத்தான் கொண்டுபோனார். எங்கள் பக்கம் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு வரும். வராவிட்டால் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். இங்கே பக்கத்து வயலில் கணுக்கால் அளவு தண்ணீர், இவர் வயலில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நடுவில் ஒன்றரை அடி வரப்பு. ஜெபமணி ஒரு கதிரை ஒடித்து நெல்லை நகத்தால் அமுக்கினார். துளி பால் வந்தது.

"இன்னும் ரெண்டு நாளுக்கு இது இருக்கும் சார். பொறவு பதருதான்."

தலைவர் வீட்டுக்குப் போனோம். தலைவர் என்றால் கண்மாய்ப் பாசனக்காரர்களின் தலைவர். புத்தகத்தை அச்சிட்டவரும் அவரே. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ரண்டி சார், ரண்டி. வாங்க, உக்காருங்க. நீங்க அமரராயிட்டீங்கன்னுல்ல நெனச்சோம்!"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வயசக் கணக்குப் போட்டோம்."

"கணக்குத் தப்பு" என்றேன்.

நாற்பத்தொரு பிழைகளின் பட்டியலை எடுப்பதற்குள், அந்த வம்சாவளியே ஒரு பொய்மூட்டை என்று ஆரம்பித்துவிட்டேன். அறுபதாயிரம் யானை நின்றால் ராஜபாளையத்திலிருந்து மலை வரை மரத்தில் ஓர் இலை மிஞ்சுமா? பிள்ளைக்குப் பின்னால் பிறந்த தகப்பனை வைத்துக்கொண்டு ஊர்த் தண்ணீரைப் பங்கு போடலாமா? தலைவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"யானைக்குத் தண்ணி மொற கிடையாதே சார். அது எம்புட்டு இருந்தா எங்களுக்கென்ன? குடிக்கணக்கு சுத்தமா இருக்கு. பதினேழுன்னு போட்டு பதினேழு பேரும் வரிசையா இருக்கு. ஆசீர்வாதம் அண்ணாச்சி எடுத்தது கூலித் தண்ணி. மடைவேல பாத்ததுக்குக் குடுத்தது. இப்ப அந்த வேலைய கருப்பையா பாக்கான். அவுகளும் இல்ல, கூலியும் இல்ல. அநியாயம் ஒண்ணும் பண்ணல."

"கூலியில்ல அண்ணாச்சி, பாத்தியம்" என்றார் ஜெபமணி.

வாசலில் சைக்கிளோடு நின்ற ஒருவர் சிரித்தார். "ராசா காலத்து வம்சாவளியில ஆசீர்வாதம்னு பேரு இருக்குமாக்கும்?"

"எங்க பூட்டன்தான் கிறிஸ்தவ வேதத்துல சேந்தாரு. வயலு சேரலையே. அது அன்னைக்குக் கெடந்த எடத்துலதான் கெடக்கு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், எழுதுனது நீங்க. ஏட்டுல பதினெட்டு இருந்தா நீங்க ஏன் பதினேழுன்னு எழுதப்போறீங்க?"

"நான் எழுதியிருக்க மாட்டேன். அச்சுக் கோத்தவன் செய்த வேலை. நாளைக்கு மூலத்தோடு நிரூபிக்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். கோபத்தில் பட்டியலைக் கொடுக்க விட்டுப்போயிற்று. கொடுத்த மோரைக் குடிக்கவும் விட்டுப்போயிற்று. நல்ல மோர், கறிவேப்பிலை தட்டிப் போட்டிருந்தது.

புதன்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகம். சுவடி வைத்திருந்த குடும்பம் இன்னும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. பெரியவர் காலமாகிவிட்டார். மகன் சங்கரலிங்கம் வாசல் அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"நீங்களா சார்? எங்கப்பா சொல்லுவாரு. தெனமும் ஓலைய எண்ணி வாங்கி எண்ணிக் குடுப்பீங்களாமே!"

சுவடி எங்கே என்றேன். பரணிலிருந்து பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். அதற்குள் ஒரு பழைய வேட்டியில் சுற்றி அரசபரம்பரை முழுவதும் கிடந்தது. ஓலைகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. நான் திருப்பிக் கொடுத்தபோது நூற்றுப் பதினான்கு.

"ரெண்டு எங்கே?"

"பூச்சிக்குத் தெரியும் சார்."

எனக்கு வேண்டிய ஓலையைப் பூச்சி விட்டுவைத்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். "௰௮ குடிக்கும் கண்மாய்ப் பாத்தியம்" என்று தெளிவாக இருந்தது. பத்தும் எட்டும். பதினெட்டு! மேசையில் ஓங்கித் தட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒருவர் பயந்து தன் ஆதார் அட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"அச்சடிச்சவனைக் கூப்பிடு!" என்றேன்.

"அவிய இதப் பாக்கவே இல்லையே சார். உங்க நோட்டத்தான் போன்ல படம் எடுத்துட்டுப் போனாவ" என்று சங்கரலிங்கம் பெட்டியின் அடியிலிருந்து, ஊரை விட்டுப் போகும்போது நான் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போன நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

கறுப்பு மையில் என் கையெழுத்து, நாற்பத்தொரு வருடம் கழித்தும் நேராக நிற்கிறது. "பதினெட்டுக் குடிக்கும்" என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே "பதினேழு". ஓரத்தில், அதே சிவப்பில்: "பெயர்கள் பதினேழே உள்ளன. கூட்டல் தவறு. திருத்தப்பட்டது." கீழே சுருக்கொப்பம். என்னுடையது.

ஒருவன் பத்துப் பொய் சொல்லலாம், நூறு பொய் சொல்லலாம், ஆனால் மொத்தத்தைப் போட்டால் கூட்டினால் வர வேண்டும். அன்றைக்கு அதுதான் என் வாதமாக இருந்திருக்கும். அறுபதாயிரம் யானையை அப்படியே விட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் பின் பிறந்த தகப்பனையும் விட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையனின் நோட்டைத் திருத்துவதுபோல இந்த ஒன்றை மட்டும் திருத்தி, சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். யார்மேல் கோபப்படலாம் என்று செத்த நேரம் தேடினேன். ஏடு எழுதியவன் மேல் பட்டுப் பார்த்தேன். பெயரைப் போடாமல் மொத்தத்தைப் போட்டது அவன் குற்றம்தானே? ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை.

ஓலையையும் நோட்டுப் பக்கத்தையும் படியெடுக்கச் சொன்னேன். "எத்தன காப்பி சார்?" என்றார்.

"பதினெட்டு."

ஜெபமணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். தப்பு அச்சில் இல்லை, என்னிடத்தில் என்றேன். மறுபக்கத்தில் ஒரு கோழி கொக்கரித்தது.

"நாளைக்கு இத மடையில நின்னு சொல்லுவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு மடையில் நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். கண்மாய்க்குப் பின்னால் மலை, பாதி வரை மேகம். என்னைக் கரையில் கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். படிகளைக் கொடுத்தேன். ஏட்டில் பதினெட்டு என்றுதான் இருந்தது, நான்தான் திருத்தினேன், எனக்கு அந்த உரிமை இல்லை என்றேன். முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் தப்பைச் சொன்ன வாய்க்கு, தன் தப்பைச் சொல்ல லேசில் வரவில்லை. இரண்டு தரம் இருமினேன்.

தலைவர் படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி சார். ஒத்துக்கிடுதேன். பதினெட்டு. ஆனா அந்தப் பதினெட்டாவது யாரு? பேரு இல்லையே!"

"எங்க வீடுதான்!" என்றது ஒரு குரல். "ஏலே, உங்க தாத்தன் பொழைக்க வந்ததே எங்கப்பன் காலத்துலலே" என்றது இன்னொன்று. ஒரே சிரிப்பு. கூட்டத்தில் மேலும் மூன்று பேர் தாங்களே பதினெட்டாம் குடி என்றார்கள்.

"பாத்தீங்களா சார்" என்றார் தலைவர். "இதுக்குத்தான். கருப்பையா, நீ கூப்பிடுப்பா."

கருப்பையா மடைக்கல்லில் ஏறினார். அந்தப் பதினேழு குடிகளில் ஒன்பதாவது அவருடையது. புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு குடியாகக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் வந்தது. ஜெபமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் வேறு என்ன செய்வேன், எண்ணினேன்.

கருப்பையா புத்தகத்தை மூடினார்.

"நில்லுங்கள்! பதினாறுதான் வந்தது" என்று கத்தினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பதினெட்டைப் பதினேழாக்கியது போதாதென்று இன்றைக்குப் பதினாறா? "யாரை விட்டாய்? முழுசாகக் கூப்பிடு!"

"எல்லாத்தையும் கூப்புட்டேனே சார்."

"பதினாறு. நான் எண்ணினேன். ஒன்பதாவதை நீ கூப்பிடவே இல்லை."

"ஒன்பதாவது நாந்தான சார்!" கருப்பையாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "இந்தா, கல்லு மேல குத்துக்கல்லா நிக்கேன். எம் பேர நானே கூப்பிட்டு நானே இருக்கேன்னு சொல்லணுமாக்கும்? ஊருல கேட்டா சிரிக்க மாட்டாக?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளாவது என் பெயரைக் கூப்பிட்டிருப்பேனா?

ஜெபமணியிடம் கேட்டேன். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் எப்படிக் கூப்பிடுவார்?"

"பதினேழு பேரக் கூப்பிடுவாவ சார். முடிஞ்சதும் மம்பட்டிய எடுத்துட்டு மடையில எறங்கிருவாவ."

"அவர் பெயரை?"

"அவிய பேர எதுக்கு அவிய கூப்பிடணும்?"

"அவங்கப்பனும் கூப்புட்டதில்ல" என்றார் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "நான் பாத்திருக்கேன்."

கையிலிருந்த படியில், பெயர்கள் தொடங்குவதற்கு முந்தைய வரியைப் பார்த்தேன். அதை நானே எழுதியெடுத்திருக்கிறேன், கவனிக்காமல். "மடையில் நின்று அழைத்த முறையாவது" என்று இருந்தது. உரக்கப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ஏட்டுக்காரன் பெயரை விடவில்லை. மடையில் ஒருவன் கூப்பிட்டதைக் கேட்டு அப்படியே எழுதியிருக்கிறான். பதினேழு பேரைக் கூப்பிட்டவன்தான் பதினெட்டாவது ஆள். யானை பொய், ராத்திரி பொய், தகப்பன் பொய். அந்தச் சுவடியில் சரியாக இருந்த எண்ணாகப் பார்த்து நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

தலைவர் படியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "கூலித் தண்ணின்னு நாந்தான் சொன்னேன்" என்றார். "தப்புதான் ஜெபமணி. உன் மொற உனக்கு. கடைசி நாளு, முன்ன மாதிரியே."

ஜெபமணி முகம் மலரவில்லை. "கடைசி நாளுன்னா இன்னும் பதினேழு நாள் கழிச்சு, அண்ணாச்சி. அதுக்குள்ள வைக்கோலுதான் மிஞ்சும்."

இந்த இடத்தில்தான் நான் பிரயோஜனப்பட்டேன். "போன சுற்று எத்தனை நாள் ஓடியது?" என்று தலைவரைக் கேட்டேன்.

"பதினேழு."

"சுற்றுக்கு?"

"பதினெ..." என்று நிறுத்தினார்.

"பதினெட்டு. அப்படியென்றால் போன சுற்று இன்னும் முடியவில்லை. இன்று புதுச் சுற்றின் முதல் நாள் அல்ல. பழைய சுற்றின் பதினெட்டாம் நாள்."

முதல் குடிக்காரர் வாய்க்காலுக்குள் ஏற்கெனவே இறங்கி நின்றிருந்தார். "ஏய், இன்னைக்கு என் மொற!" என்று கத்தினார்.

"நாளைக்கு" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில். அவர் தண்ணீரில்லாத வாய்க்காலை ஒரு மிதி மிதித்துவிட்டு ஏறினார். நியாயமான கோபம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கருப்பையா மடையைத் திறந்தார். "அமரர் சார்! பாத்து எறங்குங்க, வழுக்கும்" என்று கை நீட்டினார். "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

மடையிலிருந்து ஜெபமணியின் வயல் வரை தண்ணீரோடு நடந்தேன். காய்ந்த வாய்க்கால் முதலில் குடித்துக்கொண்டுதான் விடும் என்றார்கள். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. ஜெபமணி எனக்கு முன்னால் போய் வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் உள்ளே போனது தெரியவில்லை, வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. எண்ண முடியவில்லை.

"சார், உங்களுக்கு எத்தன மணிக்குப் பஸ்?" என்றார், குனிந்தபடியே.

பேருந்துக்கு நேரமிருந்தது. வரப்பில் உட்கார்ந்தேன். சட்டைப்பையில் காகிதம் ஒன்று குத்தியது. நாற்பத்தொரு பிழைகளின் பட்டியல். அதை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. மூலத்தைப் பார்க்காமல் அந்தப் பதினேழை அதில் சேர்த்திருக்கவில்லை. பேனாவை எடுத்து நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன். பக்கம் இருபத்து மூன்று, பதினேழு என்பதைப் பதினெட்டு எனப் படிக்க. பிழை செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, அதற்கு முன்னால் எதுவும் போடாமல், கீழே சுருக்கொப்பம் வைத்தேன்.